1967-இல் தோற்ற முதலமைச்சர் காமராஜர் அல்லர்

ஆசிரியருக்கு,

1967 தமிழகச் சட்டமன்றத் தேர்தலைப் பற்றி யார் எழுதினாலும், 'முதலமைச்சர் காமராஜரை ஒரு மாணவர் தலைவர் தோற்கடித்தார்' என்ற வரி வந்துவிடுகிறது. இது பிழை. காமராஜர் 1963 அக்டோபரிலேயே முதலமைச்சர் பதவியிலிருந்து விலகிவிட்டார். 1967-இல் அவர் அகில இந்திய காங்கிரஸ் தலைவர். அந்தத் தேர்தலில் பதவியில் இருந்துகொண்டே தோற்ற முதலமைச்சர் பக்தவத்சலம். தொகுதி ஸ்ரீபெரும்புதூர், வென்றவர் தி.மு.க.வின் ராஜரத்தினம். இருவர் தோல்வியையும் ஒன்றாகக் குழப்புவது இருவருக்குமே அநியாயம்.

காமராஜர் நின்று தோற்ற விருதுநகர் தொகுதியின் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த மாணவர் தலைவர், தி.மு.க.வின் பெ. சீனிவாசன் வாங்கிய ஓட்டு 33,421, காமராஜர் வாங்கியது 32,136. வித்தியாசம் 1,285. அதாவது சீனிவாசனுக்குப் போட்டவர்களில் 643 பேர் மாற்றிக் குத்தியிருந்தால் காமராஜர் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்திருப்பார். இதைப் போய் 'படுதோல்வி' என்று எழுதுகிறார்கள்!

வாக்குச்சீட்டுக் காலத்தில் இப்படிப்பட்ட நெருக்கமான தொகுதிகளில் வேட்பாளர்களின் ஏஜெண்டுகளின் கண் முழுக்கச் செல்லாத ஓட்டுகள் மீதுதான் இருக்கும். இரண்டு சின்னத்தில் குத்தியது, எதிலும் குத்தாதது, முத்திரைக்குப் பதில் பேனாவால் கீறியது, போட்டவர் யாரென்று காட்டும்படி எழுதி வைத்தது எல்லாம் தள்ளுபடி. முத்திரை மை காய்வதற்குள் சீட்டைக் குறுக்கே மடித்தால் இன்னொரு சின்னத்தின் மேலும் மை ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் முதலில் நெடுக்காக மடிக்கச் சொல்வார்கள். அம்புக்குறி முத்திரையின் வடிவமும் இதற்காகவே: ஒட்டிய மை கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பித் தெரியும், எது குத்தியது, எது ஒட்டியது என்று பிரித்துவிடலாம். மறு எண்ணிக்கை வேண்டுமென்றால் தேர்தல் அதிகாரி மொத்தக் கணக்கைப் படித்த பிறகு, முடிவை அறிவிப்பதற்கு முன், காரணம் காட்டி எழுத்தில் கேட்க வேண்டும். அந்த இடைவெளியைத் தவறவிட்டால் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குதான்.

இன்னொன்று. காங்கிரஸ் 232 இடங்களில் நின்று சுமார் 41 சதவீத ஓட்டு வாங்கியது. கிடைத்தது 51 இடம். தி.மு.க. 174 இடங்களில் மட்டும் நின்று ஏறக்குறைய அதே அளவு ஓட்டில் 137 இடம் பிடித்தது. ராஜாஜியின் சுதந்திரா கட்சி, மார்க்சிஸ்டுகள், முஸ்லிம் லீக் என்று எதிர்ப்பு ஓட்டுகளைச் சிதறவிடாமல் அண்ணா கட்டிய கூட்டணியின் வேலை அது. அவரே சட்டமன்றத்துக்கு நிற்கவில்லை. தென்சென்னையில் நாடாளுமன்றத்துக்கு வென்று, பிறகு சட்ட மேலவை உறுப்பினராகி அதன் வழியாக முதலமைச்சராகத் தொடர்ந்தார். மக்கள் அலை அடித்தது உண்மை. ஆனால் தொகுதிப் பங்கீட்டைச் சொல்லாமல் அலையை மட்டும் சொல்லும் கட்டுரை பாதிக் கதைதான்.

இனி அந்தத் தேர்தலைப் பற்றி வெளியிடும்போது, 'முன்னாள் முதலமைச்சர் காமராஜர் விருதுநகரில் 1,285 ஓட்டில் தோற்றார். முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார்' என்று திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகர்,
திருவல்லிக்கேணி, சென்னை – 5