ஒளியின் கோண உந்தம்: மேக்ஸ்வெல்லே போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஒளியின் கோண உந்தம் (பொருளைத் திருப்பவல்ல சுழற்சி உந்தம்) பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். இந்தப் பொருளைத் தமிழில் எழுத முன்வந்ததற்கே கட்டுரையாளரைப் பாராட்ட வேண்டும். ஆனால், ஒளி ஒரு பொருளைத் திருப்பும் என்பதை ஒளி மின்காந்த அலை என்னும் மேக்ஸ்வெல்லின் அலைக் கொள்கையால் விளக்க முடியாது, ஒளித்துகளான ஃபோட்டானின் தற்சுழற்சி (spin) தெரிந்த பிறகுதான் அது விளங்கியது என்று அவர் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. கல்லூரியில் மின்காந்தவியல் நடத்தியவன் நான். நல்ல மதிப்பெண் வாங்கும் மாணவர்களிடமும் இதே எண்ணம் வேரூன்றியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீள்கிறது.

முதலில் ஆண்டுகளைப் பாருங்கள். வட்டத் தளவிளைவுற்ற ஒளிக்கற்றை (மின்புலத்தின் திசை சுழன்றபடியே செல்லும் ஒளி) கோண உந்தத்தைச் சுமந்து செல்லும் என்று ஆங்கிலேய இயற்பியலர் ஜான் ஹென்றி பாயிண்டிங் எழுதியது 1909-ல். எலெக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டு என்ற கருத்து 1925-ல்தான் வந்தது. ‘ஃபோட்டான்’ என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது 1926-ல். பாயிண்டிங் எடுத்துக்கொண்ட உவமை ஓர் இயந்திரத் தண்டு. ஒரு முனையில் சுழற்றினால் மறுமுனைக்கு ஆற்றலும் போகும், முறுக்கும் போகும். வட்டத் தளவிளைவுற்ற ஒளியையும் அவர் அப்படியே பார்த்தார். குவாண்டம் என்ற பேச்சே அந்த வாதத்துக்குத் தேவைப்படவில்லை. விளைவு மிக மிகச் சிறியது என்பதால் அதை அளந்துவிட முடியும் என்ற நம்பிக்கை மட்டும் அவருக்கு இருக்கவில்லை.

உவமை வேண்டாம், கணக்கே வேண்டும் என்பவர்களுக்கு மேல்நிலைப் பள்ளி இயற்பியலே போதும். இந்த வகை ஒளியில் ஓரிடத்தில் மின்புலத்தின் அளவு மாறாது. அதன் திசை மட்டும் ஒளியின் கோண அதிர்வெண்ணில் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த ஒளி ஒரு பொருளின் மேல் பட்டால், உள்ளிருக்கும் மின்னூட்டங்கள் இழுபட்டு மின் இருமுனைகள் உண்டாகி, அவையும் புலத்தோடு சேர்ந்து சுற்றும். பொருள் ஒளியை உறிஞ்சுகிறது என்றால், இருமுனை புலத்துக்குச் சற்றே பின்தங்கிச் சுற்றுகிறது என்று பொருள். பின்தங்கிய இருமுனையைப் புலம் தன் பக்கம் திருப்பப் பார்க்கும். சீரான மின்புலத்தில் வைத்த இருமுனையின் மேல் திருப்பு விசை செயல்படும் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். இனி திறன் எவ்வளவு? சுழலும் எதற்கும் திறன் என்பது திருப்பு விசையைக் கோண வேகத்தால் பெருக்கி வருவது. எனவே உறிஞ்சப்பட்ட திறனைக் கோண அதிர்வெண்ணால் வகுத்தால் திருப்பு விசை கிடைத்துவிடும். முடிந்தது கணக்கு. குவாண்டம் கொள்கையின் அடையாளமான பிளாங்க் மாறிலி இதில் எங்கேயும் தலைகாட்டவில்லை.

கட்டுரையாளர் போன வழியில் போனாலும் இதே விடைதான். ஒரு ஃபோட்டானின் ஆற்றல், சுருக்கப்பட்ட பிளாங்க் மாறிலியைக் கோண அதிர்வெண்ணால் பெருக்கி வருவது. அதன் கோண உந்தம் அந்த மாறிலி மட்டும். இரண்டையும் வகுத்தால் மாறிலி அடிபட்டுப் போகிறது. அடிபட்டுப் போகும் ஒன்றைக் காட்டி, அது இல்லாமல் விளக்கமே இல்லை என்று சொல்வது எப்படிச் சரியாகும்?

பழைய கொள்கை தோற்றதாகப் பலரும் நினைப்பதற்கு ஒரு காரணம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். எல்லையில்லாத சமதள அலையில் மின்புலமும் காந்தப்புலமும் அலை செல்லும் திசைக்குக் குத்தாகவே இருக்கும். எனவே ஆற்றலும் உந்தமும் பாயும் திசையைக் காட்டும் பாயிண்டிங் வெக்டர் நேராக முன்னோக்கியே இருக்கும். நேராகப் போகும் உந்தத்துக்கு அதே திசையைச் சுற்றிக் கோண உந்தம் ஏது? சூத்திரத்தில் போட்டால் சுழியம்தான் வரும். பாடநூலில் இந்த இடத்தோடு நின்றுவிட்டவர்கள்தான் குவாண்டத்திடம் ஓடுகிறார்கள். ஆனால் எல்லையில்லாத கற்றை எந்த ஆய்வகத்திலும் இல்லை. உண்மையான கற்றைக்கு ஓரம் உண்டு. ஓரத்தில் புலம் தேய்ந்து மறைய வேண்டுமானால், மின்னூட்டமற்ற வெளிக்கான காஸ் விதியின்படி அங்கே முன்பின்னாகவும் ஒரு சிறு மின்புலக் கூறு இருந்தே ஆக வேண்டும். காந்தப்புலத்துக்கும் அப்படியே. அந்தக் கூறுகள் பாயிண்டிங் வெக்டரை ஓரத்தில் சற்றுச் சாய்த்துவிடுகின்றன. உந்தம் கற்றையின் விளிம்பைச் சுற்றி வருகிறது. கற்றை முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால், மேலே வந்த அதே விடை கிடைக்கிறது.

அப்படியானால் அகலமான கற்றையின் நடுவில் ஒரு சிறு தட்டை வைத்தால், கற்றையின் ஓரம் எங்கோ இருக்கும்போது தட்டு சுழலுமா? கெட்டிக்கார மாணவர்கள் கேட்கும் கேள்வி இது. சுழலும். தட்டு ஒளியை உறிஞ்சியதால் அதன் பின்னால் நிழல் விழுகிறது. நிழலின் விளிம்பு கற்றைக்குப் புதிதாகக் கிடைத்த ஓரம். கற்றை இழந்த கோண உந்தத்தின் கணக்கு அங்கே நேராகிவிடுகிறது.

இனி அளவுக்கு வருகிறேன். ஒரு வாட் பச்சை ஒளி முழுவதையும் உறிஞ்சினாலும் கிடைக்கும் திருப்பு விசை சுமார் 3×10⁻¹⁶ நியூட்டன் மீட்டர்தான். பாயிண்டிங் நம்பிக்கை இழந்ததில் வியப்பில்லை. அதை 1936-ல் அளந்து காட்டியவர் பிரின்ஸ்டனில் பணியாற்றிய ரிச்சர்ட் பெத். அவர் தட்டை ஒளியை உறிஞ்ச விடவில்லை. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் குவார்ட்ஸ் அரை அலைத் தகடு ஒன்றைத் தொங்கவிட்டார். அதன் வழியே போகும் ஒளியின் சுழற்சித் திசை தலைகீழாகிவிடும். அதனால் தகடு பெறும் கோண உந்தம், உறிஞ்சினால் கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு. அந்த ஒளியையே மேலிருந்து திருப்பி அனுப்பி இன்னொரு முறை தகட்டைக் கடக்க வைத்து விளைவை மேலும் இரட்டிப்பாக்கினார். இரண்டு பேர் தனித்தனியே செய்த சுமார் 120 அளவீடுகளில் விளைவின் அளவும் திசையும் ஒத்துவந்தன. மின்காந்தக் கொள்கையும் ஃபோட்டான் கணக்கும் ஒரே விடையைத் தருகின்றன என்று அவர் தம் ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்திலேயே எழுதியிருக்கிறார். இந்தச் சோதனையைத்தான் நம் கட்டுரையாளர் குவாண்டம் கொள்கையின் தனி வெற்றியாகக் காட்டியிருக்கிறார்!

கட்டுரையில் இல்லாத இன்னொரு சோதனை என் பக்கத்துக்கு இன்னும் வலுவானது. அதிர்வெண் குறையக் குறையத் திருப்பு விசை கூடும் அல்லவா? 3 சென்டிமீட்டர் நுண்ணலையில் ஒரு வாட்டுக்குக் கிடைப்பது, பச்சை ஒளியில் கிடைப்பதைப் போல ஏறத்தாழ அறுபதாயிரம் மடங்கு. இத்தாலிய இயற்பியலர் நெல்லோ கர்ராரா 1949-ல் சென்டிமீட்டர் அலைகளைக் கொண்டு இதைச் செய்து காட்டினார். ரேடார் அலையில் யாரும் ஃபோட்டானை எண்ணுவதில்லை.

1992-ல் லைடனில் ஆலனும் உடன் ஆய்வாளர்களும் காட்டிய சுற்றுப்பாதைக் கோண உந்தமும் இந்த வகைதான். அலைமுகப்பே திருகிச் செல்லும் கற்றைகளை எடுத்துக்கொண்டு, அவர்கள் மேக்ஸ்வெல் சமன்பாடுகளிலிருந்தே அதை வருவித்தார்கள்.

குவாண்டத்துக்கு இங்கே வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒற்றை ஃபோட்டானின் தற்சுழற்சியை அது செல்லும் திசையில் அளந்தால் இரண்டே விடைகள்தான் வரும், இடையில் எதுவும் வராது. இதை அலைக் கொள்கை சொல்லாது. கட்டுரையாளர் 1931-ல் கல்கத்தாவில் ராமனும் பகவந்தமும் செய்த ஆய்வைக் குறிப்பிட்டது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அது சிதறிய ஒளியின் தளவிளைவை அளந்து, அதிலிருந்து ஃபோட்டானின் தற்சுழற்சியை முடிவுசெய்த ஆய்வு. ஒளி எதையும் திருப்பியதை அவர்கள் அளக்கவில்லை. பெத்தின் சோதனையோடு அதை ஒரே வரியில் சேர்த்திருக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு சிறு திருத்தம். பெட்டிச் செய்தியில், வெயிலில் வைத்த தட்டின் மேலும் இந்தத் திருப்பு விசை எப்போதும் செயல்படுவதாக அச்சாகியிருக்கிறது. நேரடி வெயில் தளவிளைவற்றது. அதில் இடச்சுழியும் வலச்சுழியும் சமமாகக் கலந்திருப்பதால் மொத்தக் கோண உந்தம் சுழியம். அடுத்த இதழில் இதைத் திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
நாகர்கோவில்.