தட்டணுவோடு பி.சி.வி.யையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

டெங்கு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கையோடு நின்றுவிட்டது. ரத்தக் குழாயிலிருந்து கசியும் நீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பல ஆண்டுகள் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

70 கிலோ எடையுள்ளவர் உடலில் சுமார் 42 லிட்டர் நீர் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள்ளே. மிச்சம் 14 லிட்டர் வெளியே. அதிலும் பிளாஸ்மாவாக, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியாக, ஓடுவது மூன்று லிட்டர் சொச்சம்தான். மற்றதெல்லாம் செல்களைச் சூழ்ந்த இடைவெளியில் இருக்கிறது. நடுவே இருப்பது நுண்குழாய்களின் மெல்லிய சுவர். டெங்குவில் அந்தச் சுவர் தளர்ந்து, பிளாஸ்மா கசிந்து நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் தேங்குகிறது. ஒரு சொட்டு ரத்தம் வெளியே சிந்தாமலேயே ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம்.

இதைக் காட்டிக்கொடுப்பது பி.சி.வி., அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு. மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்துச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும், மேலே மஞ்சளாகப் பிளாஸ்மா நிற்கும். முதலில் 38 சதவீதமாக இருந்த சிவப்பு 46-க்கு ஏறினால், கசிவு மும்முரமாக நடக்கிறது என்று பொருள். இந்த அளவும் தட்டணு எண்ணிக்கை வரும் அதே பரிசோதனைத் தாளில்தான் அச்சாகியிருக்கும். ஆனால், வாங்க வருபவர்கள் "தட்டணு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பப்பாளி இலை தேடிப் போவார்கள். தட்டணு ஏற்றச் சொல்லி மருத்துவரிடம் மன்றாடுவார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றியதால் ரத்தக்கசிவு குறையவில்லை.

எனக்கு ஆறாத வருத்தம் இன்னொன்று. பிளாஸ்மா கசிவு பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரத்தில், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில்தான் தொடங்குகிறது. 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கிறது. உடம்பு தணிந்துவிட்டது என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது அந்த நாளில்தான். பிறகு கசிந்த நீர் தானாக ரத்தத்துக்குத் திரும்பும். அப்போதும் "இன்னொரு பாட்டில் ஏற்றுங்கள்" என்று வற்புறுத்தினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும்.

மழைக்காலம் முடியும்வரை தங்கள் இதழில் தினமும் ஒரு சிறு கட்டம் ஒதுக்குங்கள். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து துவளுதல், கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் - காய்ச்சல் விட்ட பிறகு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்று அதில் போடுங்கள்.

- ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர், திருச்சி