தூண்டில் மீன்பிடிச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா, புதிய அங்கத்தவர் விபரமெல்லாம் கூட்டக் குறிப்பில் இருக்கிறது. இந்த ஆண்டு நம்மை அதிகம் அலைக்கழித்தது களனி கங்கையின் தண்ணீர்தான். அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வழமைபோல ஆண்டுத் தொடக்கத்திலேயே போயா என்னும் பௌர்ணமி விடுமுறைகளைப் பார்த்துப் பயணத் தேதிகளைக் குறித்தோம். ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டி ஆறு கரை மீறியது. அக்டோபர் நடுப்பகுதியில் கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் மறுபடி வெள்ளம். அந்த மாதத்து வப் போயாவுக்குப் போட்டிருந்த பயணம் அதோடு நின்றது. "தம்பி, ஆறு நம்ம லீவு பார்த்தா ஓடுது?" என்று மூத்த அங்கத்தவர் ஒருவர் அன்று கேட்டார். அதை வைத்துத்தான் நிர்வாகக் குழு அடுத்த ஆண்டுத் திட்டத்தைப் பேசத் தொடங்கியது.

முதலில் ஆற்று மட்டம் காட்டும் அளவுகோல்கள். கொழும்பு நாகலகம் வீதி அளவுகோலில் 5 அடி வந்தால் சிறு வெள்ளம், 7 அடி வந்தால் பெரு வெள்ளம் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். 2016 மே மாதத்தில் அந்த 7 அடியையும் தாண்டியதை யாரும் மறக்கவில்லை. ஆனால் பயணம் தீர்மானிக்க அது மட்டும் போதாது. மலையில் பெய்த மழை இங்கே அன்றே வந்து சேராது. பெரும்பாலும் மறுநாளோ அதற்கும் பிறகோதான் வரும். அதனால் நோர்வூட், தெரணியகல, கித்துல்கல, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல என்று மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வர வேண்டும். நீர்ப்பாசனத் திணைக்களம் இந்த மட்டங்களை வெளியிடுகிறது. ஒரு தடவை பார்த்த எண்ணை விட, நேற்றைக்கு இன்று ஏறியதா இறங்கியதா என்பதுதான் முக்கியம்.

ஏறுகிற தண்ணீரில் கலங்கலும் குப்பையும் சேர்ந்து வரும். கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் கொடுவா அப்போது நம் இரையைக் காண்பதே கடினம். கெளிறு அப்படியல்ல, மணம் பிடித்து வரும். கரையோரம் ஓட்டம் தணிந்த மடுக்களில் மண்புழுவைப் போட்டால் கடிக்கும். நமக்கு நல்ல நாள், ஆறு வடியத் தொடங்கி, நிறம் பால் தேத்தண்ணியிலிருந்து வெறும் தேத்தண்ணிக்குத் திரும்பும் நாள். அந்த நேரம் கிளை ஓடைகள் ஆற்றில் விழும் இடங்களைப் பாருங்கள். தெளிந்த தண்ணீரும் கலங்கலும் சந்திக்கும் கோட்டோரம் சின்ன மீன் கூடும், அதைத் தேடிப் பெரியது வரும். நகரத்துக் கழிவுநீர்க் கான்களின் கறுப்புத் தண்ணீர் இறங்கும் இடம் மட்டும் வேண்டாம். அங்கே பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வரட்சி மாதங்களில் கதை வேறு. ஜனவரி முதல் மார்ச் வரை ஆற்றில் ஓட்டம் குறைந்து, கடல் தண்ணீர் உள்ளே ஏறி வரும். அம்பத்தலேயில் குடிதண்ணீர் எடுக்கும் இடத்தைக் காக்க உப்புத் தடுப்பு போடுவதும் இதனால்தான். கொழும்பில் கடலின் வற்றுப்பெருக்கு ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரைக் கூட எட்டாது; ஆனாலும் ஓட்டம் மெலிந்த ஆற்றில் அந்தச் சின்னப் பெருக்கே எல்லாவற்றையும் நகர்த்துகிறது. முகத்துவாரத்தில் பெருக்குத் தொடங்கும் நேரத்தை அதிகாலையோடு பொருத்திப் போனால் கொடுவா, பாரை, மடவை பார்க்கலாம். போயாவை ஒட்டிய நாட்களில் பெருக்கு அதிகம் என்பதால், அந்த மாதங்களில் போயாத் தேதிகள் நமக்கு உண்மையிலேயே உதவும்.

கித்துல்கலப் பயணம் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அங்கே மழை இல்லாமலும் ஆறு ஏறும். மேலேயுள்ள மின் நிலையங்கள் தண்ணீர் விட்டால், வானம் வெளித்திருக்கும்போதே நீங்கள் நிற்கும் கல் தீவாகிவிடும். போய் இறங்கியதும் தண்ணீர் விளிம்பில் ஒரு தடியை நட்டு, ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இலைச் சருகும் நுரையும் திடீரென்று கூடினால், தூண்டிலை விட்டுவிட்டு முதலில் கரைக்கு வாருங்கள். ஆற்றைக் கடந்து மறு கரையில் யாரும் நிற்கக் கூடாது. நாட்டு மீன் குஞ்சுகளை வலைபோட்டு இரையாக்குவதும் வேண்டாம். அந்தப் பக்கத்து ஓடைகளில் இலங்கைக்கே உரிய சிறு மீன்கள் வாழ்கின்றன.

வெள்ளம் வடிந்த கையோடு ஆற்றில் இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சலை நினைவில் வையுங்கள். காலில் புண் இருந்தால் கரையிலேயே நில்லுங்கள். காய்ச்சல் வந்தால், ஆற்றுத் தண்ணீரில் நின்றதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, இப்போது பிரேரணை. அடுத்த ஆண்டு ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு தேதிக்குப் பதிலாக, ஒரு ஞாயிறும் அடுத்த ஞாயிறும் என்று இரண்டு நாட்களைக் குறிப்போம். முந்தின வெள்ளி மாலை பயணக்குழு மேல் அளவுகோல்களையும் மழை அறிவிப்பையும் பார்த்து, போவதா தள்ளுவதா என்று வட்ஸ்அப்பில் அறிவிக்கும். ஹங்வெல்லயில் மட்டம் ஏறிக்கொண்டிருந்தால் விவாதமில்லை, பயணம் தள்ளிப்போகும். வான்காரருடனும் இரண்டு நாளுக்கும் சேர்த்தே முற்பணம் பேசுவோம். இதைச் சபையின் அங்கீகாரத்துக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்