மினி கூப்பர் எஸ்: பிரிப்பதற்கு முன் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) உள்ள பழைய மினி கூப்பர் எஸ் கார் வைத்திருக்கும் வாசகர் ஒருவர், கூடுதல் பவருக்காக எஞ்சினை ஓவர்ஹால் செய்யலாமா, அதாவது பிரித்துப் புதுப்பிக்கலாமா என்று தங்கள் ஞாயிறு மலரின் வாகனப் பகுதியில் கேட்டிருந்தார். ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய, வலுவான) பிஸ்டனும் கனெக்டிங் ராடும் மாற்றினால் பவர் தானாக வந்துவிடும் என்பதுபோல் பதில் அமைந்திருந்தது. அதை நம்பி யாரும் பணத்தைக் கொட்டிவிடக் கூடாது என்பதால்தான் எழுதுகிறோம்.

அவர் குறிப்பிடுவது ஆர்53 என்ற மாடல். 1,598 சிசி, இரும்பு பிளாக், போர் (சிலிண்டரின் விட்டம்) 77 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 85.8 மி.மீ., கம்ப்ரஷன் 8.3:1. தொடக்கத்தில் 163 குதிரைத்திறன். 2004-க்குப் பிறகு 170. இதே எஞ்சினுக்கு ஜான் கூப்பர் வொர்க்ஸ் என்ற பவர் கூட்டும் கிட் போட்டு முதலில் 200, பிறகு 210 வரை கொடுத்தார்கள். அந்தக் கிட் டீலரின் பட்டறையிலேயே பொருத்தப்பட்டது. சிலிண்டர் ஹெட், சூப்பர்சார்ஜரைச் சுற்றும் புல்லி (சிறியதாக), எக்ஸாஸ்ட், கணினி புரோகிராம் ஆகியவை மாறின. பிஸ்டன் இருக்கும் அடிப்பாகத்தை யாரும் திறக்கவில்லை. ஆக, 200 குதிரைத்திறன் போதும் என்பவருக்கு ஃபோர்ஜ்டு பிஸ்டன் தேவையே இல்லை.

அதற்கு மேல் போவதைத் தடுப்பதும் பிஸ்டன் அல்ல, சூப்பர்சார்ஜர்தான். இதிலுள்ள ஈட்டன் எம்45 ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது சுமார் 0.74 லிட்டர் காற்றைத் தள்ளும். ரூட்ஸ் வகை என்பதால் காற்றைத் தனக்குள் அழுத்திச் சுருக்குவதில்லை, அப்படியே எஞ்சினுக்குத் தள்ளுகிறது. வேகம் கூடக் கூடக் காற்று சூடேறும்; அதைச் சுற்ற கிராங்க் செலவிடும் சக்தியும் ஏறும். 15% சிறிய புல்லி போட்டால் சூப்பர்சார்ஜர் சுமார் 18% வேகமாகச் சுற்றும். 19% சிறியதாகப் போட்டால் 23% தாண்டிவிடும். பூஸ்ட் (எஞ்சினுக்குள் தள்ளப்படும் காற்றின் அழுத்தம்) மீட்டரில் எண் ஏறுவதைப் பார்த்து மகிழ்வார்கள். ஆனால் சூடான காற்றில் நாக்கிங் (பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிப்பது) வருவதைக் கணினி உணர்ந்து இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் தீப்பொறி விடும் நேரத்தைப் பின்தள்ளிவிடும். ஏறிய பூஸ்ட் சக்கரத்துக்கு வந்து சேராது. நம் மலேசிய வெயிலில் 15 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வதே எங்கள் கருத்து.

இந்த வண்டியில் சூப்பர்சார்ஜரிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நெரிசலில் நின்றால் அதுவே சூடேறி, உள்ளே போகும் காற்றையும் சுட வைக்கும். ஓபிடி ஸ்கேனரில் (காரின் கணினித் தகவலைப் படிக்கும் கருவி) இன்டேக் காற்றின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். வெளிக் காற்றைவிட அது எவ்வளவு கூடுதலோ அந்த அளவுக்குப் பவரை இழக்கிறீர்கள். பானட் ஸ்கூப்பிலிருந்து இன்டர்கூலருக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் டைவர்ட்டரும் அதன் ரப்பர் விளிம்பும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்குச் செலவே இல்லை. பெட்ரோலும் முக்கியம். இந்த எஞ்சினுக்குப் பரிந்துரைத்தது 98 ஆக்டேன். ரோன்95 (ஆக்டேன் எண் 95 உள்ள பெட்ரோல்) ஊற்றிக்கொண்டு பவர் இல்லை என்று குறைபடுவதில் அர்த்தமில்லை. குறைந்தது ரோன்97 வேண்டும்.

சரி, எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா என்பதை எப்படி முடிவு செய்வது? எஞ்சின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். ஃபியூல் பம்ப் ஃபியூஸை எடுத்து, இக்னிஷன் காயிலின் இணைப்பையும் பிரித்துவிடுங்கள். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று கொடுத்து, கம்ப்ரஷன் மீட்டரில் உள்ளே எழும் அழுத்தத்தைப் பாருங்கள். தனி எண்ணைவிட, நான்குக்கும் இடையிலுள்ள வித்தியாசமே முக்கியம். 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்று குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள்: ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ.

அடுத்தது லீக்-டவுன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தி எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது. 10 சதவீதத்துக்குள் கசிந்தால் பிளாக்கைத் தொடவே வேண்டாம். 20-ஐத் தாண்டினால் காற்று எங்கே போகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். எண்ணெய் ஊற்றும் வாயில் சத்தம் வந்தால் ரிங். சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. கூலன்ட் தொட்டியில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், அல்லது ஹெட்டில் விரிசல். பிரஷர் டெஸ்ட் செய்யாமல் அந்த ஹெட்டைத் திரும்பப் பூட்டக் கூடாது.

பவர் குறைந்துவிட்டது என்று பட்டறைக்கு வரும் பல வண்டிகளில் எஞ்சின் நன்றாகவே இருக்கும். பெல்ட் டென்ஷனர் தளர்ந்து பெல்ட் வழுக்கும். இன்டர்கூலரின் இரு பக்க ரப்பர் கிழிந்திருக்கும். சூப்பர்சார்ஜரின் பைபாஸ் வால்வு சிக்கியிருக்கும். கிராங்க் புல்லியின் ரப்பர் பிரிந்து ஆடும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது சூப்பர்சார்ஜரின் எண்ணெய். முன்னும் பின்னும் தனித்தனியாக இரண்டு அறைகள் உண்டு. எஞ்சின் ஆயில் அங்கே போவதில்லை. பின் அறையிலுள்ள கியர்தான் வாட்டர் பம்ப்பைச் சுற்றுகிறது. அந்த எண்ணெய் வற்றினால் கியர் தேய்ந்து, ஒரு நாள் வாட்டர் பம்ப் நின்றுவிடும். எஞ்சின் கொதித்து ஹெட் வளையும். தயாரிப்பாளரின் சர்வீஸ் அட்டவணையில் இந்த எண்ணெய் மாற்றம் கிடையாது என்பதால் பலரும் பார்ப்பதே இல்லை. 1 லட்சம் கிலோமீட்டருக்குள் இரண்டு அறையிலும் எண்ணெயை மாற்றிவிடுங்கள். சிறிய புல்லி போடுவதாக இருந்தால் அதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

புல்லியோடு பெல்ட்டும் சற்றுக் குட்டையாக வேண்டும். பிளக் ஒரு படி குளிர்ந்த வகையாக (வெப்பத்தை வேகமாக வெளியேற்றுவது) இருக்க வேண்டும். பிறகு காற்று–பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வைத்து, பவரை அளக்கும் டைனோவில் டியூனிங். முழு ஆக்சிலரேட்டரில் காற்று–பெட்ரோல் விகிதம் 12:1-ஐ ஒட்டி இருக்க வேண்டும். உயர் ஆர்பிஎம்மில் 13-ஐத் தாண்டி ஏறினால் உடனே நிறுத்துங்கள், இன்ஜெக்டர் போதவில்லை. பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைவது பெரும்பாலும் இப்படித்தான்.

சோதனையில் ரிங் போய்விட்டது என்று தெரிந்தால் எப்படியும் பிரிக்கத்தான் வேண்டும். ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட அதுதான் சரியான சமயம். எம்45-ஐ எடுத்துவிட்டுப் பெரிய சூப்பர்சார்ஜர் அல்லது டர்போ வைக்கப் போகிறவருக்கும் அது வேண்டும். அப்போது போரை மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், இரு திசையிலும் அளக்க வேண்டும். ஹெட் பூட்டியதுபோன்ற அழுத்தம் தரும் டார்க் பிளேட்டைப் பூட்டித்தான் ஹோனிங் (சிலிண்டர் சுவரை நுணுக்கமாகத் தேய்ப்பது) செய்ய வேண்டும். பூஸ்ட் எஞ்சினில் மேலேயுள்ள ரிங்கின் இரு முனைக்கும் இடையிலான இடைவெளி, போரின் ஒவ்வொரு மி.மீ.க்கும் 0.005 மி.மீ. என்பது பொதுக் கணக்கு; 77-க்கு சுமார் 0.38 மி.மீ. வரும். பிஸ்டன் தயாரிப்பாளரின் தாள் வேறு எண் சொன்னால் அதுவே இறுதி. இடைவெளி குறைந்தால் சூட்டில் ரிங்கின் இரு முனையும் முட்டி, புதிய பிஸ்டனையே உடைத்துவிடும். இந்த அளவுகள் எல்லாவற்றையும் சிலிண்டர் வாரியாக எழுதித் தரச் சொல்லி பட்டறையிடம் கேட்டு வாங்குங்கள்.

ஓவர்ஹாலுக்குப் பதில் ஹாஃப்-கட் (பாதியாக வெட்டி விற்கும் பழைய காரின்) எஞ்சின் வாங்குகிறவர்கள், அதே கம்ப்ரஷன், லீக்-டவுன் சோதனைகளைக் கடையிலேயே செய்து பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கட்டும். எஞ்சின் எண் மாறுவதால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவையும் மாற்ற வேண்டும். பவர் கூட்டியதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அதன் பதிலையும் கையில் வைத்திருங்கள்.

அன்புடன்,
பட்டறை நண்பர்கள்,
கிள்ளான்