முதல் தவணைக்கு முன்பே திட்டம் சரிபார்க்கப்பட வேண்டும்

உலகச் சுகாதார அமைப்பிலும் பன்னாட்டு அணுசக்தி முகமையிலும் குழந்தைப் புற்றுநோய்த் திட்டங்களை வகுக்கும் மதிப்பிற்குரியோர்க்கு,

வணக்கம். மூளைக் கட்டி உள்ள குழந்தைக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கிடைத்ததா என்று கணக்கெடுக்கும் அளவுக்கு, அது சரியான இடத்தில், சரியான அளவில், இடைவெளியின்றிக் கிடைத்ததா என்று நாம் கேட்பதில்லை. இந்தக் கேள்வியையும் உங்கள் திட்டங்களில் கட்டாயமாக்க வேண்டும் என்று கோரியே இம்மடலை எழுதுகிறேன்.

குழந்தைகளுக்கு வரும் வீரியமிக்க மூளைக் கட்டிகளில் மெடுல்லோபிளாஸ்டோமாவே மிகுதி. சிறுமூளையில் தோன்றும் இக்கட்டியின் செல்கள் மூளைத் தண்டுவடத் திரவத்தில் கலந்து பரவக்கூடியவை என்பதால், மூளை முழுவதற்கும் தண்டுவடம் முழுவதற்கும் கதிர்வீச்சு தர வேண்டியிருக்கிறது. இடர் குறைந்த பிரிவினருக்கு வழக்கமாக 13 தவணைகளில் 23.4 கிரே (கிரே என்பது உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), இடர் மிகுந்தோருக்கு 36 கிரே அளவில் தந்து, அதன்பின் கட்டி இருந்த இடத்தை மட்டும் ஏறத்தாழ 54 கிரே வரை கொண்டுசெல்கிறோம்.

இவ்வளவு பெரிய பரப்பில் மில்லிமீட்டர் கணக்கில் தவறு நேரக்கூடிய இடம் ஒன்று உண்டு. மூக்கின் கூரையாக அமைந்த சல்லடை எலும்பு கண்களுக்கு இடையே தாழ்ந்து இருப்பதால், கண்வில்லையில் புரை விழாமல் காக்க வைக்கும் மறைப்பு சற்றே உள்ளே நகர்ந்தாலும், அந்த எலும்பை ஒட்டிய மூளையுறைப் பகுதி கதிர் படாமல் தப்பிவிடுகிறது. கண்ணைக் காக்கும் நல்லெண்ணத்தால் நேரும் இப்பிழை, பிற்பாடு முன்மூளையின் அடிப்புறத்தில் நோய் திரும்புவதில் போய் முடியக்கூடும் என்பதை 1990களின் ஆய்வுகளே காட்டிவிட்டன. பிரெஞ்சு குழந்தைப் புற்றுநோய்ச் சங்கம் அக்காலத்தில் சிகிச்சைப் படங்களைத் திரும்ப ஆராய்ந்தபோது, ஒரு குழந்தையின் சிகிச்சைத் திட்டத்தில், அதாவது எங்கே எவ்வளவு கதிர் செலுத்துவது என்ற வரைவில், பெரும் விலகல்கள் கூடக்கூட நோய் திரும்பும் இடரும் கூடியதைக் கண்டது. மருந்தின் குறைபாட்டால் நேர்ந்தவை அல்ல இவை. பார்த்திருந்தால் திருத்தியிருக்கலாம் என்பதே என்னை வருத்துகிறது.

காலமும் தரத்தின் ஒரு பகுதிதான். மெடுல்லோபிளாஸ்டோமா உள்ள குழந்தைகளிடம் நடந்த பி.என்.இ.டி.-3 என்னும் மருத்துவ ஆய்வில், 50 நாட்களுக்குள் கதிர்வீச்சை முடித்த குழந்தைகளில் மூன்றாண்டுகள் நோய் திரும்பாமல் வாழ்ந்தோர் ஏறத்தாழ 78 விழுக்காடு. அதற்கு மேல் நீண்டவர்களில் அது 54 விழுக்காடு அளவுக்குச் சரிந்தது. இயந்திரப் பழுது, விடுமுறை, மயக்க மருந்து நிபுணர் கிடைக்காமை என்று ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் அவற்றில் பல முன்கூட்டியே தெரிந்து, மாற்று இயந்திரத்தாலோ ஒரே நாளில் இரு தவணைகளாலோ ஈடுசெய்யக்கூடியவை.

தங்கள் இரு அமைப்புகளும் 1969 முதல் அஞ்சல் வழியாக நடத்திவரும் கதிரளவுத் தணிக்கை அரும்பணி. ஆயினும், இயந்திரம் தரும் அளவு சரியா என்றுதான் அது சொல்லும். அந்தக் கதிர் எந்தக் குழந்தையின் எந்தப் பகுதியை விட்டுவிட்டது என்று சொல்லாது. பிரெஞ்சுக் குழு 1998இல் தொடங்கிய ஆய்வில், சிகிச்சை தொடங்கும் முன்பே திட்டங்களை இணையவழியில் பெற்றுச் சரிபார்த்தது. ஐரோப்பாவின் குவார்டெட் திட்டமும் மருத்துவ ஆய்வுகளில் சேரும் குழந்தைகளுக்கு இத்தகைய மையச் சரிபார்ப்பைச் செய்கிறது. ஆய்வில் சேராத குழந்தைக்கு அந்த இரண்டாவது கண் ஏன் மறுக்கப்பட வேண்டும்?

குழந்தைப் புற்றுநோய்க்கென 2018இல் தொடங்கிய உலக முன்முயற்சி, 2030க்குள் குறைந்தது 60 விழுக்காட்டுக் குழந்தைகள் பிழைக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. அதன் வழிகாட்டலில் மூன்றைச் சேர்க்குமாறு வேண்டுகிறேன்: மூளை, தண்டுவடக் கதிர்வீச்சுத் திட்டம் எதுவும் அனுபவமுள்ள வேறொரு மருத்துவராலும் மருத்துவ இயற்பியலாளராலும் முதல் தவணைக்கு முன் பார்க்கப்பட வேண்டும், ஆள்பலம் குறைந்த மையங்களுக்கு இச்சரிபார்ப்பு கட்டணமின்றி ஓரிரு வேலைநாட்களுக்குள் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு மையமும் அறுவைக்கும் முதல் தவணைக்கும் இடைப்பட்ட நாட்களையும் சிகிச்சை நீண்ட நாட்களையும் பதிந்து அறிவிக்க வேண்டும். சரிபார்ப்பே தாமதத்துக்குக் காரணமாகிவிடக் கூடாது என்பதால், இரண்டாவது கோரிக்கையின் கால வரம்பை மட்டும் தளர்த்திவிட வேண்டாம்.

மதிப்புடன்,
ஒரு மருத்துவ இயற்பியலாளர்