ஓடாவிப் பட்டறைக்கு ஒரு விகிதக் கவராயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் தச்சுவேலை பழகும் இளைஞர்கள், வரைபடத்திலுள்ள ஒவ்வோர் அளவையும் அடிமட்டத்தால் எடுத்து, கைத்தொலைபேசியில் பெருக்கி, விடையை நாடாவில் தேடி மரத்தில் குறிப்பதைக் காண்கிறேன். 37 மில்லிமீற்றரை ஒன்றேமுக்கால் மடங்காக்கினால் 64.75 வரும், அந்த முக்காலைக் கண்மதிப்பாகத்தான் வைக்க முடியும். இவ்வாறு சேரும் சிறு பிழைகள் மூட்டுகளைப் பொருத்தும்போதே வெளிப்படுகின்றன.

இக்கணக்கே தேவையில்லாதபடி செய்வது விகிதக் கவராயம். இரு நுனியும் கூரான, சம நீளமுள்ள இரண்டு சட்டங்களை, நகர்த்தி இறுக்கக்கூடிய ஒரு திருகாணி இணைக்கிறது. ஆணியின் இருபுறமும் இயல்பொத்த முக்கோணிகள் அமைவதால், 24 செ.மீ. சட்டத்தில் ஒரு நுனியிலிருந்து 6 செ.மீ. தொலைவில் ஆணியை இறுக்கினால், குறுகிய பக்கம் எவ்வளவு திறந்தாலும் மறுபக்கம் அதைப்போல் மூன்று மடங்கு திறக்கும். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரிலும் இத்தகைய கருவி கிடைத்திருக்கிறது.

கோயில் வாகனங்களும் திருவுருவங்களும் செய்யும் சிற்பாசாரிகளுக்கு இது இன்னும் பொருத்தமானது. சிற்பநூல்கள் கூறும் உத்தம தசதாளம் என்ற அளவுமுறையில் உருவத்தின் முழு உயரமே 124 சம பங்குகளாக, அதாவது அங்குலங்களாகப் பகுக்கப்படுகிறது. அந்த அங்குலம் உருவத்துக்கு உருவம் மாறும், விகிதம் மாறாது. ஆகவே தாளில் வரைந்த முகத்தையும் தோளையும் கவராயத்தின் ஒரு பக்கத்தால் எடுத்து, மறுபக்கத்தால் நேராக மரத்தில் குத்தலாம்.

ஆணியை நகர்த்தும்போது கால்களை மூடி, நுனிகளை ஒன்றோடொன்று பொருத்திக்கொள்ள வேண்டும். நுனியைத் தீட்டினால் கால் குறுகி விகிதம் பிசகும் என்பதால், நேர்கோட்டில் சிறிய திறப்பை அடுத்தடுத்து அடியெடுத்து வைத்து, அது பெரிய திறப்பில் விகிதத்துக்கேற்ற தடவை சரியாக அடங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். கதவு நிலை போன்ற பெரிய நீளங்களுக்கு நாடாவே ஏற்றது. புகைப்படத்திலிருந்து அளவெடுப்பதென்றால், அது பொருளுக்கு நேர் எதிரே நின்று எடுத்த படமாக இருக்க வேண்டும். சாய்வாக எடுத்த படத்தில் எந்தக் கவராயமும் ஏமாற்றிவிடும்.

நம் மாவட்டத்தின் தொழிற்பயிற்சி நிலையங்களும் பாடசாலைகளின் சித்திர ஆசிரியர்களும் இக்கருவியைப் பயிற்சியில் சேர்க்க வேண்டுமென வேண்டுகிறேன். விலைகொடுத்து வாங்கவும் வேண்டியதில்லை: இரண்டு பித்தளைத் தகடுகள், ஒரு திருகாணி, காதுள்ள ஒரு சுரை இருந்தால், மாணவர்களே 1:2, 1:3 விகிதங்களுக்குத் துளையிட்டுச் செய்துகொள்ளலாம்.

இங்ஙனம்,
ஓர் ஓடாவி,
உவர்மலை, திருகோணமலை.