கப்பல் பயணம் போகும் பெற்றோரின் போனை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓகஸ்ட் விடுமுறை நெருங்குகிறது. பிரான்சிலும் சுவிசிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் தாய் தகப்பனைக் கூப்பிட்டு, இரண்டு மூன்று மாதம் தங்களோடு வைத்திருந்து, அதில் ஒரு கிழமை சொகுசுக் கப்பலிலும் ஏற்றிக் காட்டுவது இலங்கையின் கிழக்கில் எங்கள் பக்கத்தில் இப்போது வழக்கமாகி வருகிறது. களுவாஞ்சிகுடியோ காரைதீவோ, அப்படிப் போய்வந்த ஒரு வீட்டையாவது காட்டலாம். நல்ல விஷயம். காலமெல்லாம் பிள்ளைகளுக்காக ஓடியவர்கள் நாலு இடம் பார்க்கட்டும். ஆனால் உடுப்பு, மருந்து, குளிருக்குச் சட்டை என்று எல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்து வைப்பவர்கள், அவர்கள் கையில் இருக்கும் போனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவதில்லை.

நான் பயணிகள் கப்பலில் பல வருடம் அறைப் பணியாளனாக இருந்தவன். இப்போது ஆரையம்பதியில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். ரீலோட் போடவும் போட்டோக்கொப்பி எடுக்கவும் வருகிறவர்களுக்கு நடுவே, வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய பில்லைப் போனில் காட்டி "இது என்ன மனே, விளங்கப்படுத்து" என்று கேட்கிறவர்களும் வருகிறார்கள்.

கடைசியாக வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். மகள் பிரான்சில். மார்செய் துறைமுகத்தில் ஏறி, பார்சிலோனா, இத்தாலி என்று சுற்றி வந்திருக்கிறார்கள். மகள் வாங்கிக் கொடுத்த பிரெஞ்சு சிம்மும், வங்கி அனுப்பும் ஓடிபி வரட்டும் என்று விட்டுவைத்த எங்கள் ஊர்ச் சிம்மும் ஒரே போனில். மகள் அந்த சிம்மை நம்பியதில் பிழை இல்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் 2017 ஜூன் 15 முதல் சொந்த நாட்டு விலையிலேயே போன் பாவிக்கலாம். பார்சிலோனாவில் இறங்கினாலும் இத்தாலியில் இறங்கினாலும் அது பொருந்தும். பொருந்தாத இடம் நடுவிலுள்ள கடல். அந்தக் கடலில் பேசியதும், பேசாமல் போன் தன்பாட்டில் இழுத்ததும்தான் பில்லில் வரிவரியாக நின்றன.

இதை எங்கள் மக்கள் எதிர்பார்ப்பதில்லை. அதற்குக் காரணம் உண்டு. கல்லடியிலிருந்தோ வாழைச்சேனையிலிருந்தோ ஆழ்கடலுக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனால் சிக்னல் மெலியும், பிறகு அறவே இல்லாமல் போகும். சிக்னல் இல்லையென்றால் செலவும் இல்லை. பயணிகள் கப்பலில் நடப்பது நேர் மாறு. கரைக் கோபுரத்தின் சிக்னல் விட்டுப்போனதும் கப்பலுக்குள்ளேயே பொருத்தியிருக்கும் சின்ன அன்டனாக்கள் வேலை செய்யத் தொடங்கும். கரையோர நாடுகளின் கடல் எல்லைக்குள், அதாவது பொதுவாக 12 கடல் மைலுக்குள், ஏறக்குறைய 22 கிலோமீற்றருக்குள், அவற்றைப் பெரும்பாலும் அணைத்தே வைத்திருப்பார்கள். அதைத் தாண்டியதும் போடுவார்கள். ரோமிங், அதாவது வேறு கம்பனியின் சிக்னலில் நம் சிம் வேலை செய்யும் வசதி, திறந்திருக்கும் போன் உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். கோடுகள் முழுதாக நிற்கும். திரையின் மேலே 'செல்லுலார் அட் சீ' என்றோ 901 என்று தொடங்கும் ஓர் இலக்கமோ தெரியும். அதைப் பார்த்து யாருக்கு என்ன விளங்கும்? அங்கிருந்து ஒவ்வொரு பேச்சும் சட்டலைட் வழியாகத் தரைக்குப் போகிறது. அந்த விலையை உங்கள் சிம் கம்பனி உங்களிடமே வாங்கும்.

டேட்டாவுக்கு ஒரு எம்பிக்கு ஐந்து ஆறு டொலருக்கு மேலும் வாங்கும் கம்பனிகள் இருக்கின்றன. போனில் எடுத்த ஒரு படம் மூன்று நாலு எம்பி வரும். பகலெல்லாம் கரையில் இறங்கிப் படம் பிடித்த களைப்பில் அம்மா போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுக்கிறார். கப்பல் ஆழ்கடலுக்குள் போகிறது. பகல் எடுத்த படங்களை போன் தானாக மேலே ஏற்றுகிறது. வட்ஸ்அப் குழுக்களில் வந்த காலை வணக்கப் படங்களையும் கோவில் திருவிழா வீடியோக்களையும் தானாகக் கீழே இறக்குகிறது. ஒருவரும் போனைத் தொடவில்லை. "நான் ஒண்டுமே அமத்தல்லையே" என்று அந்த ஆசிரியை சொன்னது முழு உண்மை.

வந்த அழைப்புக்கும் காசு என்பதும் பலருக்குத் தெரியாது. இங்கே நமக்கு யாரும் எடுத்தால் இலவசம். ரோமிங்கில் பெரும்பாலும் அழைப்பவருக்கும் செலவு, அழைப்பு வந்தவருக்கும் செலவு. கப்பலில் அது இன்னும் கூட. இந்த இடத்தில் ஊரில் இருக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கோடை காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கம் நம்மை விட மூன்றரை மணித்தியாலம் பின்னுக்கு. இங்கே இரவுச் சாப்பாடு முடித்து, ஆறுதலாக இருந்து "அக்கா எப்பிடி இருக்கா" என்று எடுக்கும் ஒன்பது பத்து மணி, அங்கே கப்பல் துறைமுகத்தை விட்டு வெளிக்கிடும் மாலை நேரம். வட்ஸ்அப்பில் கிடைக்கவில்லை என்றால் விடமாட்டோம், நேரே இலக்கத்துக்கு அடிப்போம். தங்கை எடுப்பா, மச்சாள் எடுப்பா, மறுகா தங்கையின் மகள் எடுப்பாள். பாசத்தில்தான் எடுக்கிறோம். பில் அங்கே இருக்கும் பிள்ளையின் பெயரில் போகிறது.

செய்ய வேண்டியது மிகச் சின்னது. கப்பல் கரையை விட்டு வெளிக்கிட முன், விமானப் படம் போட்ட பொத்தானை அமத்தி போனை ஃபிளைட் மோடில் போட வேண்டும். இரண்டு சிம்மும் ஒன்றாக அணையும். ஒரு சிம்மின் டேட்டாவை மட்டும் நிறுத்திவிட்டு இருந்தால் மற்றச் சிம் விழித்துக்கொண்டே இருக்கும், அது போதாது. ஃபிளைட் மோடைப் போட்டபடியே வைபையை மட்டும் தனியாகத் திறக்கலாம். இதைத்தான் வயதானவர்கள் நம்ப மறுக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் இருந்து ஒருமுறை செய்து காட்டினால் பிடித்துக்கொள்வார்கள். கப்பலின் சொந்த வைபையில் அன்றைய நிகழ்ச்சி நிரல், சாப்பாட்டு நேரம் எல்லாம் கப்பல் நிறுவனத்தின் செயலியில் காசில்லாமல் பார்க்கலாம். அதே செயலியில் கப்பலுக்குள் இருக்கும் மகளுக்கு அம்மா "எங்க நிக்கிறாய்" என்று எழுதி அனுப்பும் வசதி சில கப்பல்களில் இலவசம், சிலவற்றில் சிறு கட்டணம்.

வெளி உலகத்தோடு பேசத்தான் கப்பலின் இணையப் பொதி (பெக்கேஜ்) வாங்க வேண்டும். கப்பலைப் பொறுத்து ஒரு போனுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 30 டொலர் வரை போகும். ஏறிய பிறகு வாங்குவதை விட, பயணத்துக்கு முன்பே இணையத்தில் வாங்கினால் பெரும்பாலும் குறைவு. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று வாங்கத் தேவையில்லை. பல கப்பல்களில் ஒரே பொதியை ஒருவர் வெளியேறி மற்றவர் நுழைந்து மாறி மாறிப் பாவிக்கலாம். எழுத்துச் செய்தி மட்டும் போதும் என்பவர்களுக்கு மலிவான பொதி வைத்திருக்கும் கப்பல்களும் உண்டு. வீட்டாரிடம் "நல்லா இருக்கிறம்" என்று சொல்ல அதுவே தாராளம். வீடியோவில் முகம் பார்க்க வேண்டுமென்றால் அடுத்த துறைமுகத்தில் இறங்கிப் பேசலாம், அங்கே பிள்ளை வாங்கிக் கொடுத்த சிம் வழமைபோல வேலை செய்யும். இன்னொன்று, 'பல நாட்டுக்கும் ஒன்று' என்று விற்கும் இ-சிம்கள் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்கள்) வழமையாகத் தரை வலையமைப்புகளுக்குத்தான். அதை நம்பி நடுக்கடலில் போனைத் திறந்து வைக்கக் கூடாது.

நான் கப்பலில் இருந்த காலத்து நிலைமை வேறு. அப்போது இணைப்பு 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் சட்டலைட் வழியாக. "அம்மா" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். குரல் போய்ப் பதில் வர அரைச் செக்கனுக்கு மேல் எடுக்கும். அதற்குள் அம்மா அங்கே "ஹலோ, கேக்குதா" என்று தொடங்க, இரண்டு குரலும் மோதி ஒன்றுமே விளங்காமல் போகும். பணியாளருக்கான இணைய அட்டை சம்பளத்தில் ஒரு துண்டைத் தின்றுவிடும். அதனால் துறைமுகத்தில் இறங்கினால் ஊர் பார்க்கப் போகமாட்டோம். வாசலுக்கு வெளியே, வைபை கிடைக்கும் கடையின் சுவரோரம் நிலத்தில் இருந்து வீட்டோடு பேசிவிட்டு ஓடி வருவோம். 2022இல் பெரிய கப்பல் நிறுவனங்கள் ஸ்டார்லிங்க் என்ற சட்டலைட் இணையச் சேவைக்கு மாறத் தொடங்கின. அந்தச் சட்டலைட்டுகள் 550 கிலோமீற்றர் அளவு உயரத்தில்தான் சுற்றுகின்றன, பேச்சு தடங்காது. இங்கிருந்து கப்பல் வேலைக்குப் போகும் தம்பிமார் இதையும் அறிந்து வைத்திருங்கள். கப்பல் பணியாளரின் உரிமைகளுக்கான சர்வதேச ஒப்பந்தமான கடல்சார் தொழிலாளர் சமவாயத்தில் 2022இல் செய்த திருத்தம் 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறையில் இருக்கிறது. இயன்றவரை பணியாளருக்கும் இணைய வசதி கொடுக்க வேண்டும், கட்டணம் வாங்கினால் அது நியாயமாக இருக்க வேண்டும் என்கிறது அது. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன் ஏஜென்சியிடம் இதைக் கேளுங்கள்.

சட்டலைட் கீழே வந்ததால் கப்பலின் வைபை நல்லாகிவிட்டது. அதற்காக சிம் வழியாகப் போகும் கட்டணம் மலிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் வேண்டுகோள் இரண்டு பேரிடம். நம் நாட்டு சிம்முக்கு ரோமிங் திறந்து கொடுக்கும் போன் கம்பனிகள், அதே நேரத்தில் "கப்பலுக்கும் விமானத்துக்கும் வேறு விலை" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பட்டும். மட்டக்களப்பு நகரத்தில் விசாவும் டிக்கெட்டும் செய்து கொடுக்கும் முகவர்கள், பயணக் கடதாசிகளோடு தமிழில் அரைப் பக்கம் அச்சடித்து வைக்கட்டும். ஐரோப்பாதான் என்றில்லை. 2023இல் சென்னையிலிருந்து புறப்பட்ட சொகுசுக் கப்பல் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்து போனது. நாளைக்கு இங்கிருந்தும் ஏறிப் போவார்கள்.

போனை அணைத்து வைத்தால் ஊரில் ஓர் அவசரம், ஒரு சாவீடு என்றால் எப்படி அறிவிப்பது என்று கடையில் எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான பயம். உறவினர்கள் அவசரத்துக்கு எடுக்க வேண்டிய இலக்கத்தைக் கப்பல் நிறுவனத்திடம் முன்பே கேட்டு வாங்கலாம். அந்த இலக்கம், கப்பலின் பெயர், டிக்கெட் பதிவு இலக்கம், அறை இலக்கம், எந்த நாள் எந்தத் துறைமுகம் என்ற விபரம், இவ்வளவையும் ஒரு கடதாசியில் எழுதி வீட்டில் நிற்கிறவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கப்பலில் சொல்லிவிட்டால் அறைக் கதவைத் தட்டியாவது செய்தியைச் சொல்வார்கள். நானும் அப்படித் தட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் கப்பல் பணியாளன்,
ஆரையம்பதி.